ஜெர்மனியில் புதிய கார்: வேக எச்சரிக்கைக் கருவியோடு பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

2024 ஜூலை 7 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முதன்முறையாகப் பதிவாகும் புதிய கார் ஒவ்வொன்றிலும், சாலையின் வேக வரம்பைத் தானே அறிந்து, அதை மீறும் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி இருந்தாக வேண்டும். ஒன்றியம் 2019இல் இயற்றிய 2144ஆம் எண் ஒழுங்குமுறைதான் இதற்கு அடிப்படை. புதிதாக ஒப்புதல் பெறும் கார் மாடல்களுக்கு 2022 ஜூலையிலேயே இது கட்டாயமாகிவிட்டது. ஆகவே, சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்காக ஜெர்மனி வந்து, முதல் மாதத்திலேயே வாடகைக் கார் எடுக்கும் ஒருவர் இந்தக் கருவியைச் சந்திக்காமல் இருப்பது அரிது. வாடகை நிறுவனங்களின் வண்டிகள் பெரும்பாலும் ஓரிரு வயதைத் தாண்டாதவை.

அப்படி வந்த என் சித்தி மகன் ஒருநாள் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். "அண்ணா, வண்டியில ஏதோ கோளாறு. ஐம்பதைத் தாண்டினா கத்துது, கோட்டுப் பக்கம் போனா ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்குது" என்றான். கோளாறு ஏதுமில்லை, கருவிகள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தன. அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வகைக் கருவி

நம் ஊரில் லாரிகளிலும் வேன்களிலும் பொருத்தப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அறிந்தவர்கள், ஐரோப்பியக் கார்களிலும் அதுவே வந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். அந்தக் கருவி, சாலை எதுவாக இருந்தாலும், முன்பே குறித்து வைத்த வேகத்துக்கு மேல் எஞ்சினுக்கு விசை போகாதபடி தடுத்துவிடும். ஐரோப்பாவிலும் கனரக வாகனங்களுக்கு அத்தகைய கருவி உண்டு. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகள் மணிக்கு 90 கிலோமீட்டரிலும், பெரிய பேருந்துகள் 100 கிலோமீட்டரிலும் நின்றுவிடுவது அதனால்தான். கார்களில் வந்திருப்பது அதுவன்று.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை ஒலியும் இதற்கு ஈடாகாது. 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலித்த அந்தக் கருவிக்கு எண் மட்டுமே தெரியும். எந்தச் சாலையில் போகிறோம் என்பது தெரியாது. ஐஎஸ்ஏ என்ற சுருக்கப் பெயரால் இங்கே வழங்கும் நுண்ணறி வேக உதவியோ, முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவால் சாலைப் பலகைகளைப் படித்து, செயற்கைக்கோள் வழியே அறிந்த இடத்தைக் காரில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு, இந்தத் தெருவில் இப்போது எவ்வளவு வேகம் செல்லலாம் என்று ஒரு முடிவுக்கு வருகிறது.

வரம்பை மீறினால் என்ன செய்ய வேண்டும் என்பதில் உற்பத்தியாளருக்குச் சட்டம் நான்கு வழிகளைத் தந்திருக்கிறது. முதலில் திரையில் குறி மின்னி, அதைப் பொருட்படுத்தாவிட்டால் ஒலி எழுப்புவது ஒன்று. குறிக்குப் பின் ஒலிக்குப் பதிலாக அதிர்வைத் தருவது மற்றொன்று. ஆக்சிலரேட்டர் மிதி காலுக்கு எதிராக மெல்லத் தள்ளுவது மூன்றாவது. எஞ்சினின் விசையைக் குறைத்து வேகத்தைத் தானே இறக்குவது நான்காவது. சந்தையில் நான் அதிகம் பார்ப்பது முதல் வகையைத்தான். எந்த வகையானாலும், மிதியைச் சற்று அழுத்தினால் கார் உங்கள் சொல்லைக் கேட்கும். முந்திச் செல்லும் நடுவில் வண்டி நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை.

ஓட்டுநரே ஒரு வேகத்தைக் குறித்து, அதற்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளும் லிமிட்டர் பொத்தான் பல கார்களில் தனியே இருக்கிறது. அது பழைய வசதி, ஐஎஸ்ஏவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது என் அனுபவம். ஊருக்குள் நுழைந்ததும் லிமிட்டரை 50இல் வைத்துவிட்டால் எச்சரிக்கை ஒலியைக் கேட்கவே வேண்டியதில்லை.

சாவி கையில் வந்ததும், புறப்படுவதற்கு முன்

காரை வாங்குபவர் பதிவுச் சான்றின் முதல் பகுதியில் 'B' எனக் குறித்த கட்டத்தைப் பார்க்க வேண்டும். முதற்பதிவுத் தேதி அதில் இருக்கும். 2024 ஜூலை 7க்கு முந்தைய தேதியானால் இந்தக் கருவி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விற்காமல் தேங்கிய பழைய மாடல்களுக்குச் சிறு விலக்கும் தரப்பட்டது. எனவே அத்தேதிக்குச் சற்றுப் பிந்திய கார்களிலும் விற்பவரைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

அடுத்து, வண்டியை நகர்த்தாமல் கால்மணி நேரம் செலவிடுங்கள். ஷோரூம் ஊழியர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். தொடுதிரையில் ஓட்டுநர் உதவி என்ற பட்டியலைத் திறந்து, எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்துவது, ஒலியை மட்டும் எப்படி அடக்குவது என்று பாருங்கள். திரையின் மொழியை முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் பாதிச் சிரமம் தீரும். சில கார்களில் ஸ்டீயரிங்கில் உள்ள ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஒலி நின்றுவிடும். சிலவற்றில் திரையில் தெரியும் வேகப் பலகையின் படத்தைத் தொட வேண்டும். இன்னும் சிலவற்றில் நமக்கு வேண்டிய அமைப்பை ஒரே பொத்தானில் சேர்த்துவைக்கலாம்.

ஐஎஸ்ஏவை நிறுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் காரை அணைத்து மீண்டும் இயக்கும்போதெல்லாம் அது தானாக உயிர்பெற்றுவிடும். நேற்று நிறுத்தினேனே, இன்று ஏன் கத்துகிறது என்று கேட்டுப் பயனில்லை. நிரந்தரமாக முடக்கித் தருகிறோம் என்று சொல்லும் சிறு பட்டறைகளை நம்பாதீர்கள். வண்டி எந்த ஒப்புதலின் பேரில் சாலையில் ஓடுகிறதோ அதையே அது கேள்விக்குள்ளாக்கும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஒலி எரிச்சலூட்டினால், கருவியை அப்படியே விட்டு ஒலியை மட்டும் அடக்குங்கள்.

முதல் வாரம்: கார் படிப்பதை நீங்களும் படியுங்கள்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு ஜெர்மனியில் குடியேறுபவர் முதல் ஆறு மாதங்கள் அதைக் கொண்டே ஓட்டலாம். அதன்பின் இங்குள்ள எழுத்துத் தேர்விலும் ஓட்டுத் தேர்விலும் தேற வேண்டும். அந்த ஆறு மாதங்கள்தான் எனக்குக் கவலை தருபவை. ஜெர்மன் சாலைப் பலகைகளை ஒருபோதும் பாடமாகப் படிக்காத ஒருவர், திரையில் ஓர் எண் தெரிவதால், அதையே சட்டமாக எடுத்துக்கொள்கிறார். சட்டமோ சாலையோரப் பலகையில் இருக்கிறது. திரையில் இருப்பது அதைப் பற்றிய காரின் ஊகம். திரை 50 என்று காட்டியது, பலகையில் 30 இருந்தது என்றால், அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும்; கார் சொன்னது என்ற வாதம் எடுபடாது.

அந்த ஊகம் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. ஒப்புதலுக்கான சோதனை ஓட்டத்தில், கடக்கும் மொத்தத் தொலைவில் குறைந்தது 90 விழுக்காட்டில் வரம்பைச் சரியாகக் கண்டறிந்தால் கருவி தேறிவிடும். வேறு விதமாகச் சொன்னால், 100 கிலோமீட்டரில் 10 கிலோமீட்டர் வரை தவறான எண்ணைக் காட்டும் கார்கூட முறைப்படி ஒப்புதல் பெற்ற காராக இருக்க முடியும். அந்தப் பத்துக் கிலோமீட்டர் எங்கெங்கே வரும் என்று அறிந்துகொள்வதே முதல் வாரத்துப் பாடம். ஆகவே நன்கு தெரிந்த ஒரு பாதையைத் தேர்ந்து, ஒலியை அடக்காமல், போக்குவரத்து குறைந்த ஞாயிறு காலையில் ஓட்டிப் பாருங்கள்.

ஊரின் பெயர் எழுதிய மஞ்சள் பலகையிலிருந்து தொடங்குவோம். அதில் எண் எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் பலகையைக் கடந்த நொடியிலிருந்து வேக வரம்பு 50. ஊர்ப் பெயரின் மேல் சிவப்புக் கோடு கிழித்த பலகையைக் கடந்ததும் பொதுவாக 100. கார் இதை அறிந்திருக்கும், ஆனால் சற்றுத் தாமதமாக அறியும். வேகத்தை அளக்கும் பெட்டிகள் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை.

30 வட்டாரம் என்ற பலகை, பகுதியின் நுழைவாயிலில் ஒரே ஒரு முறைதான் நிற்கும். நடுவில் எத்தனை தெரு திரும்பினாலும் வட்டாரம் முடியும் பலகை வரும்வரை அது செல்லும். ஒரு திருப்பத்துக்குப் பின் கேமரா இதை மறந்துவிடுவதும், வரைபடம் பழையதாக இருந்தால் 50 என்று காட்டுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. குழந்தைகள் விளையாடும் படம் போட்ட நீலப் பலகை உள்ள தெருக்களில் நடக்கும் வேகத்தில்தான் செல்ல வேண்டும். என் கார் அந்தப் பலகையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை.

துணைப்பலகைகள் இன்னும் நுட்பமானவை. எண்ணுக்குக் கீழே சிறு வெள்ளைப் பலகையில், பள்ளி அருகே திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் மாலை 5 வரை என்றும், இரவு 10 முதல் காலை 6 வரை என்றும், சாலை ஈரமாக இருக்கும்போது மட்டும் என்றும் நிபந்தனைகள் எழுதியிருக்கும். ஈரத்துக்கான பலகையில் 'பை நெஸ்ஸ' என்ற இரு சொற்கள் இருக்கும். இந்தச் சொற்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி வாசலில் 30 என்று கார் கத்துவது சிரிப்பை வரவழைக்கும். ஆனால் அதே கார் மழையில் 80க்கான பலகையை விட்டுவிட்டு 120 என்று காட்டினால் சிரிக்க முடியாது.

ஆட்டோபான் எனப்படும் விரைவுச் சாலையில் வேறு வகைக் குழப்பங்கள். வெள்ளை வட்டத்தின் குறுக்கே சாய்ந்த கறுப்புக் கோடுகள் உள்ள பலகைக்குப் பிறகு அங்கே வேக வரம்பு இல்லை. 130 என்பது பரிந்துரை மட்டுமே. ஒருமுறை ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு ஏ2 விரைவுச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வரம்பில்லாத பகுதியில் திரை திடீரென்று 100 என்று காட்டி ஒலிக்கத் தொடங்கியது. பலகை எதுவும் இல்லை. முன்னால் சென்ற சுற்றுலாப் பேருந்தின் முதுகில் 100 என்று எழுதிய வட்டச் சின்னம் ஒட்டியிருந்தது. அந்தப் பேருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி பெற்றது என்பதற்கான அடையாளம் அது. என் கார் அதைப் பலகை என்று படித்துவிட்டது. பேருந்தைக் கடந்ததும் அமைதியானது. பின் இருக்கையிலிருந்த அப்பா, "பஸ்ஸுக்கெல்லாம் பயப்படுது உன் வண்டி" என்றார். இதே போல, வெளியேறும் கிளைச்சாலைக்கான 60 பலகையை நேர்ச்சாலைக்கு உரியதாகக் கார் எடுத்துக்கொள்வதும் உண்டு. அத்தகைய இடத்தில் ஒலியைக் கேட்டு சட்டென்று பிரேக்கில் கால் வைப்பதுதான் பெரிய ஆபத்து; பின்னால் வருபவர் 160இல் வந்துகொண்டிருக்கலாம். ஒலி கேட்டால் முதலில் பலகையைத் தேடுங்கள், பிறகு கண்ணாடியில் பின்னால் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பது விதி. முள் 50இல் நிற்கும்போது உண்மை வேகம் அதைவிட ஓரிரு கிலோமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம். காவல்துறையும் 100க்குக் கீழான வேகத்தில் அளவீட்டுப் பிழைக்காக 3 கிலோமீட்டரைக் கழித்துக்கொள்கிறது. இதை ஒரு சலுகையாக எண்ணி 55இல் ஓட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு; அவர்களின் கணக்கு சில நாள் தவறிவிடும். ஊருக்குள் 10 கிலோமீட்டர் வரையிலான மீறலுக்கு 30 யூரோ. 21ஐ எட்டினால் 115 யூரோவும், ஓட்டுநர்களின் விதிமீறல்களைக் குறித்துவைக்கும் ஃபிளென்ஸ்புர்க் பதிவேட்டில் ஒரு புள்ளியும். இங்கே புதிதாக உரிமம் பெற்று இரண்டாண்டு சோதனைக் காலத்தில் இருப்பவருக்கு அந்த 21 இன்னும் கடுமையானது. சோதனைக் காலம் மேலும் இரண்டாண்டு நீளும், பணம் கட்டிச் சிறப்பு வகுப்புக்கும் போக வேண்டும்.

ஸ்டீயரிங்கை இழுப்பதும் தானாக பிரேக் பிடிப்பதும்

இண்டிகேட்டர் போடாமல் தடக்கோட்டை நெருங்கினால், வண்டியைத் தடத்துக்குள் மெல்லத் திருப்பிவிடும் கருவியும் கட்டாயமானவற்றுள் ஒன்று. இது ஏறத்தாழ 65, 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் வேலைசெய்யும். கையில் ஓர் இழுப்பு உணர்ந்தால் பதறி எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திருப்ப வேண்டாம். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்தாலே கருவி விட்டுக்கொடுக்கும். தடம் மாறும்போதெல்லாம் இண்டிகேட்டர் போடுபவருக்கு இந்தக் கருவி இருப்பதே தெரியாது. போடாதவருக்கு ஒவ்வொரு முறையும் தெரியும்.

இது தடுமாறும் இடம் சாலைப் பணி நடக்கும் பகுதி. ஜெர்மனியில் அங்கே தற்காலிகத் தடங்களை மஞ்சள் கோடுகளால் குறிப்பார்கள். மஞ்சள் இருக்கும்போது வெள்ளைக் கோட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் வெள்ளைக் கோடு அழியாமல் அடியிலேயே கிடக்கும். இடப்புறம் இரண்டு மீட்டர் சொச்ச அகலத் தடம், வலப்புறம் உரசுவது போல லாரி, நடுவில் கார் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை நெளிக்கும். பணி நடக்கும் பகுதிக்கான அறிவிப்பைக் கண்டதும், வேகத்தைக் குறைக்கும்போதே, இந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடுங்கள். தடக்கருவியையும் அவசர பிரேக்கையும் ஒன்றொன்றாக, சில படிகளைக் கடந்துதான் நிறுத்த முடியும் என்று சட்டம் வேண்டுமென்றே வைத்திருப்பதால், எங்கே தொட வேண்டும் என்பதை நின்ற வண்டியிலேயே பழகியிருக்க வேண்டும்.

அவசர பிரேக்கை நிறுத்தவே நிறுத்தாதீர்கள் என்பது என் கருத்து. முன்னால் உள்ள வண்டியில் மோதப்போகிறோம் என்று அறிந்தால் அது முதலில் எச்சரித்து, நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் தானே பிரேக்கை அழுத்தும். பாதசாரிகளையும் மிதிவண்டிக்காரர்களையும் கண்டறியும் திறன் புதிய மாடல்களுக்கு 2024 முதலும், எல்லாப் புதிய கார்களுக்கும் 2026 ஜூலை முதலும் கட்டாயம் என ஒழுங்குமுறை வகுத்திருக்கிறது. எப்போதாவது நிழலைக் கண்டு பிரேக் பிடிக்கும் என்பது உண்மை. அந்த ஒரு குலுக்கலுக்காக அதைத் துறப்பது கட்டுபடியாகாது.

முகத்தைப் பார்க்கும் கேமரா

சோர்வை அறியும் கருவி 70 கிலோமீட்டருக்கு மேல் இயங்கி, ஸ்டீயரிங்கின் அசைவு போன்றவற்றைக் கொண்டு ஊகித்து, ஓய்வெடுக்கச் சொல்லும். பல கார்களில் அதன் அடையாளம் ஒரு காபிக் கோப்பை. கவனச்சிதறலை அறியும் கருவி அதற்கு அடுத்த படி. உங்கள் பார்வை சாலையை விட்டு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மூன்றரை நொடியும், அதற்குக் கீழே ஆறு நொடியும் விலகியிருந்தால் அது எச்சரிக்கும். போனைப் பார்ப்பதும் தொடுதிரையில் தேடுவதும் அதன் கண்ணுக்கு ஒன்றே.

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி, அந்தப் படம் எங்கே போகிறது என்பது. இக்கருவிகள் தம் வேலைக்குத் தேவையானதை மட்டும் உள்ளுக்குள்ளேயே கையாள வேண்டும், உடனே அழித்துவிட வேண்டும், வெளியாருக்குத் தரக் கூடாது என்பது சட்டம். விபத்துப் பதிவுக் கருவி வேறு; அது மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளின் வேகம், பிரேக் முதலியவற்றைச் சேமிக்கும், அதை ஓட்டுநர் அணைக்க முடியாது. ஆனால் அதில் குரலோ முகமோ பதிவாகாது, வண்டியின் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் சேர்க்கப்படுவதில்லை. உற்பத்தியாளரின் செயலியை நீங்கள் போனில் நிறுவி, படிக்காமல் சம்மதம் என்று அழுத்தினால் போகும் தகவல்கள் தனிக் கணக்கு. அந்தப் பக்கத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

எல்லை தாண்டும்போது

விடுமுறைக்கு நெதர்லாந்து போகிறவர்கள், அங்கே 2020 மார்ச் முதல் பெரும்பாலான விரைவுச் சாலைகளில் காலை 6 முதல் மாலை 7 வரை 100தான் வரம்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாலை 7 மணிக்குப் பிறகு சில சாலைகளில் கூடும். கடிகாரத்தையும் பலகையையும் பொருத்திப் பார்ப்பதில் கார் எப்போதும் வெல்வதில்லை. பிரான்சில் விரைவுச் சாலையின் 130, மழை பெய்தால் 110 ஆகிவிடும். அதற்குப் பலகை வேண்டியதில்லை, ஆகவே கேமராவுக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. புறப்படும் முன் வீட்டு வைஃபையில் வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும்.

பனியும் கண்ணாடியும்

குளிர்காலக் காலையில் ஓட்டுநருக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புவது இனிச் சரிப்படாது. உள்கண்ணாடிக்கு மேலே கேமரா பார்க்கும் கையகல இடத்தையும், முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருந்தால் அந்தச் சின்னத்தையும் துடைக்க வேண்டும். உப்பு கலந்த சேறு படிந்தால் உதவிக் கருவிகள் இயங்கவில்லை என்ற அறிவிப்பு வரும். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி ஒரு துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கல் தெறித்து முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் செலவைப் பகுதிக் காப்பீடு ஏற்கும், ஒப்பந்தத்தில் உள்ள சொந்தப் பங்கு போக. ஆனால் புதிய கண்ணாடியில் கேமரா ஓரிழை சாய்ந்து உட்கார்ந்தாலும் தொலைவில் உள்ள கோட்டை அது தவறான இடத்தில் காணும். எனவே மாற்றிய பின் கேமராவை அளவு திருத்தியாக வேண்டும். பட்டறையின் பில்லில் 'கலிப்ரீருங்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொள்வதற்கு முன் கேளுங்கள்.